பலகையில் எழுதாததைக் கேட்டு வாங்குவது எப்படி? இன்-அன்-அவுட் முதல் டாக்கோ பெல் வரை

கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் என்னிடம் விசா, வாடகை வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு கட்டாயம் இதையும் கேட்பார்கள். "அக்கா, எல்லாரும் இன்-அன்-அவுட் இன்-அன்-அவுட்னு சொல்றாங்க. நாங்க மாடு சாப்பிட மாட்டோமே, அங்க எங்களுக்கு என்ன இருக்கு?" இன்-அன்-அவுட் ஒரு பர்கர் கடைத் தொடர். அதன் மெனு பலகையைப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். ஹாம்பர்கர், சீஸ்பர்கர், டபுள்-டபுள் (இறைச்சி இரண்டு, சீஸ் இரண்டு வைத்த பர்கர்), ஃப்ரைஸ் (உருளைக்கிழங்கு வறுவல்), ஷேக், குடிக்க ஏதாவது. அவ்வளவுதான். கோழி கிடையாது, மீன் கிடையாது, காய்கறி பேட்டியும் (பன்னுக்குள் வைக்கும் வட்டமான காய்கறி வடை) கிடையாது. ஆனாலும் அந்தக் கடையில் சைவக்காரர் ஒருவர் வயிறு நிறையச் சாப்பிட்டு வரலாம். மாட்டிறைச்சி சாப்பிடுபவர்களுக்கும் பலகையில் உள்ளதைவிட ருசியானது கிடைக்கும். எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

எங்கள் வீட்டில் நான் எல்லாம் சாப்பிடுவேன். கணவர் கோழி, மீனோடு நிறுத்திக்கொள்வார். ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் எங்களுடன் இருக்கும் மாமியார் முட்டைகூடச் சேர்க்க மாட்டார். ஃப்ரீமாண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஐ-5 சாலையில் காரில் போகிறவர்களுக்குத் தெரியும், கெட்டில்மன் சிட்டி வரும்போது எல்லாருக்கும் சரியாகப் பசிக்கும். சுற்றிலும் வயல்தான். சாலையோரமாகப் பெரிய இன்-அன்-அவுட் ஒன்று இருக்கிறது. ஒரே காரில் மூன்று விதச் சாப்பாட்டு வழக்கத்தோடு அங்கே போய் நின்று நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இந்தக் கடையில் கேட்டால் செய்து தருகிறார்கள்?

ஹாரி ஸ்னைடரும் அவர் மனைவி எஸ்தரும் 1948இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே உள்ள பால்ட்வின் பார்க்கில் இந்தக் கடையைத் தொடங்கினார்கள். காரில் உட்கார்ந்தபடியே ஒலிபெருக்கிப் பெட்டியில் பேசி ஆர்டர் கொடுக்கும் முறையை அந்தச் சின்னக் கடையிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். இன்றைக்கும் கடை அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. பேத்தி லின்சி ஸ்னைடர் தலைமையில் நடக்கிறது. உரிமத்தை வெளியாட்களுக்கு விற்றுக் கிளை திறக்க விடுவதில்லை. இதனால் நமக்கு ஒரு நன்மை உண்டு: கெட்டில்மன் சிட்டியில் செல்லுபடியாகும் சொல் லாஸ் வேகஸிலும் ஃபீனிக்ஸிலும் அப்படியே செல்லும்.

அடுத்தது சமையலறை. கிளைகளில் ஃப்ரீசரும் மைக்ரோவேவும் வைப்பதில்லை. உருளைக்கிழங்கை அங்கேயே வெட்டுகிறார்கள், கவுண்டர் அருகே நின்றால் அதைப் பார்க்கலாம். நீங்கள் ஆர்டர் கொடுத்த பிறகுதான் உங்கள் பர்கருக்கான இறைச்சி கல்லில் விழுகிறது. முன்கூட்டியே செய்து விளக்கடியில் சூடாக அடுக்கி வைக்கும் கடையில் ஒரு தக்காளித் துண்டு வேண்டாம் என்றால்கூட புதிதாக ஒன்று செய்ய வேண்டியிருக்கும். இங்கே எல்லாமே புதிதாகச் செய்வதுதான் என்பதால் மாற்றிக் கேட்பது அவர்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. பொருட்களும் குறைவு: பன், இறைச்சி, சீஸ், லெட்டூஸ், தக்காளி, வெங்காயம், ஊறவைத்த வெள்ளரி, மிளகாய், கடுகு சாஸ், கெட்சப், அப்புறம் 'ஸ்ப்ரெட்' என்று அவர்கள் சொல்லும் இளஞ்சிவப்பு சாஸ். இந்தப் பதினொன்றில் எதையும் கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம்.

நம் ஊர் ஹோட்டலில் "ஒரு ரோஸ்ட், முறுகலா, எண்ணெய் கம்மி, சட்னி தனியா" என்று யாரும் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்வதில்லை. மெனு அட்டையில் 'முறுகல்' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. அதே உரிமையோடு இங்கேயும் கேட்கலாம். இதை 'சீக்ரெட் மெனு' என்று பெரிய மர்மம் போலச் சொல்கிறார்கள். ஆனால் கடையின் வலைத்தளத்திலேயே 'நாட் சோ சீக்ரெட் மெனு' என்ற தலைப்பில் முக்கியமானவற்றைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே தயங்க ஒன்றும் இல்லை.

வாயைத் திறந்து சொல்லும் வரிசை

புதிதாக வந்தவர்களுக்கு மிகவும் பயன்படுவது இந்தப் பகுதிதான், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஆர்டர் எடுப்பவர் நீங்கள் பேசப் பேசத் திரையில் பொத்தான்களை அழுத்திக்கொண்டே வருகிறார். அவர் திரை எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில் நீங்கள் சொன்னால் தவறு நடப்பது மிகவும் குறைவு. முதலில் எத்தனை, அடுத்து எந்த பர்கர், பிறகு எது வேண்டாம், கடைசியில் எது கூடுதல்.

"ஒன் டபுள்-டபுள், நோ டொமேட்டோ, கிரில்ட் ஆனியன்ஸ், சாப்ட் சில்லீஸ்."

அதாவது டபுள்-டபுள் ஒன்று, தக்காளி வேண்டாம், வதக்கிய வெங்காயமும் நறுக்கிய மிளகாயும் வேண்டும். இதை ஒரே மூச்சில், நடுவில் விளக்கம் எதுவும் சேர்க்காமல் சொல்லுங்கள். "என் மாமியார் சைவம், அவருக்கு என்ன நல்லாயிருக்கும்" என்று தொடங்கினால், பின்னால் வண்டிகள் நிற்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாது. ஒரு பர்கரை முழுதாக முடித்த பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். மூன்று பர்கரை முதலில் சொல்லிவிட்டு, "அதில் ஒன்றில் தக்காளி வேண்டாம், இன்னொன்றில் வெங்காயம் வேண்டாம்" என்று பின்னால் போனால் குழப்பம்தான்.

வேண்டாம் என்பதற்கு 'நோ' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். 'வித்தவுட்' என்று சொன்னால் ஒலிபெருக்கி இரைச்சலில் 'வித்' மட்டும்தான் போய்ச் சேரும். வெங்காயம் வேண்டாம் என்று சொன்னவருக்கு வெங்காயத்தோடு வரும். நம் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியவில்லையோ என்று பலர் வருந்துகிறார்கள். சொல்லை மாற்றினாலே இதில் பாதி சரியாகிவிடும்.

கூட்டம் அதிகமாக இருக்கும்போது கையில் டேப்லெட்டோடு ஒரு பையனோ பெண்ணோ வரிசையில் நிற்கும் கார்களிடமே வந்து ஆர்டர் எடுப்பார்கள். அப்படி வந்தால் நல்லது. முகம் பார்த்துப் பேசலாம், திருப்பிச் சொல்லச் சொல்லலாம்.

"ஆனியன்ஸ்?" என்று அவர்களே கேட்பார்கள். எஸ், நோ என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வெங்காயத்தில் வகை உண்டு. 'ரா' என்றால் பச்சையாக வட்டமாக ஒரு துண்டு. 'சாப்ட்' என்றால் பச்சையாகப் பொடியாக நறுக்கியது. 'கிரில்ட்' என்றால் பொடியாக நறுக்கிக் கல்லில் பழுப்பு நிறம் வரும்வரை வதக்கியது. 'ஹோல் கிரில்ட்' என்றால் வட்டத் துண்டை அப்படியே கல்லில் வாட்டியது. கடைசி வகையைப் பலருக்குத் தெரியாது. ஓரம் லேசாகக் கருகி, நடுவில் இன்னும் கொஞ்சம் கடிபடும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

சைவக்காரர்களுக்கு

கேட்க வேண்டிய பெயர் 'கிரில்ட் சீஸ்'. வீட்டில் பிரெட்டில் செய்யும் சீஸ் டோஸ்ட் என்று எண்ண வேண்டாம். பர்கர் பன்னுக்குள் உருகிய அமெரிக்கன் சீஸ் இரண்டு துண்டு, லெட்டூஸ், தக்காளி, ஸ்ப்ரெட், விரும்பினால் வெங்காயம். இறைச்சி மட்டும் இருக்காது.

"ஒன் கிரில்ட் சீஸ்" என்று சொல்லிவிட்டு "நோ மீட்" என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கடைக்காரர்களுக்கு அது தேவையில்லாத சொல்தான். ஆனால் 'கிரில்ட்', 'சீஸ்', 'ஆனியன்' மூன்றும் ஒன்றாகக் காதில் விழும்போது வதக்கிய வெங்காயம் போட்ட சீஸ்பர்கர் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அந்த இரண்டு சொல் அதைத் தடுத்துவிடும்.

முட்டை சேர்க்காதவர்கள் ஸ்ப்ரெட்டைத் தவிர்க்க வேண்டும். அது மயோனைஸ் போன்ற சாஸ், முட்டை இருக்கிறது. அதற்குப் பதிலாக 'மஸ்டர்ட்' அல்லது 'கெட்சப்' கேளுங்கள், இரண்டும் கேட்டாலும் போடுவார்கள். வதக்கிய வெங்காயத்தையும் தவிர்த்துவிடுங்கள். காரணத்தை எங்கள் காரில் நடக்கும் பேச்சாகவே சொல்கிறேன்.

"ஏம்மா, இதுல முட்டை கிட்டை இருக்கா?"

"ஸ்ப்ரெட்லதான் இருக்கு அத்தை, அது வேண்டாம்னு சொல்லிட்டேன். கடுகு சாஸ் போடச் சொல்லியிருக்கேன்."

"வெங்காயம்?"

"பச்சை வெங்காயம்தான். வதக்கறது கறி போடற கல்லுலயே வதக்கறாங்க, அதான் கேக்கலை."

இந்த விவரத்தைச் சாப்பிடுகிறவரிடம் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். "தெரியாமல் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று இளையவர்கள் முடிவு செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் வாழ்நாள் முழுவதும் காப்பாற்றி வந்த வழக்கத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். பன் சூடாவதும் சீஸ் உருகுவதும் அதே சமையலறையில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் அதை ஏற்றுக்கொண்டு சாப்பிடுகிறார். ஏற்காதவர்கள் ஃப்ரைஸும் ஷேக்கும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே எண்ணெயில் பொரிப்பது உருளைக்கிழங்கு ஒன்றையே, அதுவும் சூரியகாந்தி எண்ணெயில். வேறு எதுவும் அந்த எண்ணெய்க்குள் போவதில்லை, காரணம் பொரிப்பதற்கு வேறு பண்டமே மெனுவில் இல்லை.

சீஸ் தயாரிப்பில் பாலைத் திரிக்கப் பயன்படும் ரென்னெட் எதிலிருந்து எடுத்தது என்று பார்க்கிறவர்கள் சீஸும் இல்லாமல் கேட்கலாம். பன், லெட்டூஸ், தக்காளி, வெங்காயம், ஊறவைத்த வெள்ளரி, மிளகாய், கடுகு சாஸ். "நோ மீட், நோ சீஸ்" என்றால் புரிந்துகொள்வார்கள். 'வெஜ்ஜி பர்கர்' என்று மட்டும் கேட்காதீர்கள். மற்ற கடைகளில் அது காய்கறி பேட்டியைக் குறிக்கும். இங்கே பேட்டியே கிடையாது, எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

மிளகாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடையில் மஞ்சள் நிறச் சிறு மிளகாயை வினிகரில் ஊறவைத்து வைத்திருக்கிறார்கள். 'பெப்பர்ஸ்' என்று கேட்டால் முழு மிளகாயாகச் சிறு பொட்டலத்தில் தருவார்கள். காசு வாங்குவதில்லை. 'சாப்ட் சில்லீஸ்' என்றால் அதையே நறுக்கி பர்கருக்குள் போட்டுவிடுவார்கள். நம் பச்சை மிளகாயின் காரம் வராது. புளிப்பும் காரமும் கலந்து வரும், சீஸின் மொழுமொழுப்பை அது வெட்டிவிடும். கிரில்ட் சீஸைச் சாப்பிட்டுவிட்டு "உப்புச் சப்பில்லை" என்று சொன்னவர்கள் எல்லாரும் மிளகாய் இல்லாமல் சாப்பிட்டவர்கள்தான். கட்டாயம் கேளுங்கள்.

இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு

'அனிமல் ஸ்டைல்' என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த பெயர். பலர் இதை ஏதோ கூடுதல் சாஸ் ஊற்றியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையான வித்தியாசம் கல்லில் நடக்கிறது. இறைச்சி வேகும்போதே அதன் மேல் கடுகு சாஸைத் தடவி, அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு வேகவைக்கிறார்கள். சாஸில் உள்ள வினிகரின் கூர்மை சூட்டில் அடங்கி, இறைச்சியோடு ஒட்டிப் பொன்னிறமாக ஒரு பூச்சு விழுகிறது. அதற்குப் பிறகு வதக்கிய வெங்காயம், ஊறவைத்த வெள்ளரி, கூடுதல் ஸ்ப்ரெட். லெட்டூஸும் தக்காளியும் எப்போதும் போல இருக்கும்.

எனக்கு அந்தக் கூடுதல் ஸ்ப்ரெட் அதிகம். இனிப்பு தூக்கலாகத் தெரியும், பன்னும் ஊறிப்போகும். நான் கேட்பது இப்படி: "ஒன் சீஸ்பர்கர், மஸ்டர்ட் கிரில்ட், ஹோல் கிரில்ட் ஆனியன், பிக்கிள்ஸ், சாப்ட் சில்லீஸ், எக்ஸ்ட்ரா டோஸ்ட்." 'மஸ்டர்ட் கிரில்ட்' என்றால் அந்தக் கடுகுப் பூச்சு மட்டும் கிடைக்கும். 'எக்ஸ்ட்ரா டோஸ்ட்' என்றால் பன்னை இன்னும் கொஞ்ச நேரம் வாட்டித் தருவார்கள், சாறு இறங்கினாலும் தாங்கும். காரில் வைத்துச் சாப்பிடுபவர்களுக்கு இந்த இரண்டு சொல் மிக உதவும்.

'புரோட்டீன் ஸ்டைல்' என்றால் பன் இருக்காது, பெரிய லெட்டூஸ் இலைகளில் சுற்றித் தருவார்கள். சர்க்கரைக்காக மாவுப் பண்டத்தைக் குறைக்கிற நம்மவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் ஸ்ப்ரெட்டை விட்டுவிட்டுக் கடுகு சாஸ் வாங்குவது நல்லது, ஸ்ப்ரெட் இனிப்பானது. 'ஃப்ளையிங் டச்மேன்' என்று கேட்டால் பன்னும் கிடையாது, இலையும் கிடையாது. இரண்டு இறைச்சிக்கு நடுவில் உருகிய சீஸ் இரண்டு துண்டு, அவ்வளவுதான். கையில் பிடித்துச் சாப்பிட வசதியில்லை, எனக்கு விருப்பமும் இல்லை.

எண்களைச் சொல்லிக் கேட்பதும் உண்டு. 'த்ரீ பை த்ரீ', 'ஃபோர் பை ஃபோர்'. முதல் எண் இறைச்சி, இரண்டாவது சீஸ். டபுள்-டபுள் என்பது 1963 முதல் இருக்கிறது, அது உண்மையில் 'டூ பை டூ'. சீஸ் குறைவாக வேண்டும் என்றால் 'த்ரீ பை ஒன்' என்றும் சொல்லலாம். சீஸே வேண்டாம், இறைச்சி மட்டும் இரண்டு என்றால் 'டபுள் மீட்'. நாலுக்கு மேல் போக விடமாட்டார்கள். 2004இல் லாஸ் வேகஸ் கிளையில் ஒரு நண்பர் கூட்டம் நூறு இறைச்சி, நூறு சீஸ் வைத்த பர்கரை வாங்கிப் படம் எடுத்து இணையத்தில் போட்டது. அதன் பிறகு கடை நாலோடு நிறுத்திவிட்டது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். அவ்வளவு உணவு முழுதாகச் சாப்பிடப்படாமல் கொட்டத்தான் போகும்.

இறைச்சியும் சீஸும் கூடினால் விலை கூடும். வெங்காய வகை, மிளகாய், கடுகு சாஸ், இலையில் சுற்றுவது போன்ற மாற்றங்களுக்குப் பொதுவாக எதுவும் கூடாது.

ஃப்ரைஸ்

இந்தக் கடையின் ஃப்ரைஸைப் பலர் குறை சொல்கிறார்கள். பச்சை உருளைக்கிழங்கை வெட்டி நேராக எண்ணெயில் போடுவதால், உறையவைத்த ஃப்ரைஸைப் போல வெளியே மொறுமொறுவென்று நிற்பதில்லை, சீக்கிரம் தொய்ந்துவிடும். தீர்வு எளிது. "ஃப்ரைஸ், வெல் டன்" என்று சொல்லுங்கள். அதிக நேரம் பொரித்துப் பழுப்பாகத் தருவார்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வேறு விதமாக வாங்குவதே இல்லை. சின்னக் குழந்தைக்கு மென்மையாக வேண்டுமென்றால் 'லைட்'.

'அனிமல் ஃப்ரைஸ்' என்பது மேலே சீஸ், ஸ்ப்ரெட், வதக்கிய வெங்காயம் போட்டது, இதற்குத் தனி விலை. இதையும் 'வெல் டன்' என்று சேர்த்துக் கேட்டால்தான் சாஸின் கனத்தைத் தாங்கும். சைவக்காரர்கள் கவனிக்கவும்: முட்டையும் அந்தக் கல் வெங்காயமும் இரண்டுமே இதில் உண்டு. அவர்களுக்கு 'சீஸ் ஃப்ரைஸ்' போதும், மேலே மிளகாயைப் போட்டுக்கொள்ளலாம். ஷேக்கில் சாக்லேட், வெனிலா, ஸ்ட்ராபெரி மூன்றையும் கலந்து 'நியோபொலிட்டன்' என்று கேட்கலாம்.

மற்ற கடைகளில் இந்தச் சொற்கள் செல்லாது

இணையத்தில் ஆளுக்கொரு 'ரகசியப் பட்டியல்' போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள பட்டப்பெயரை மெக்டானல்ட்ஸில் போய்ச் சொன்னால் கவுண்டரில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, அது அவர் தவறும் இல்லை. பெயரைச் சொல்லாதீர்கள், பொருட்களைச் சொல்லுங்கள். உதாரணமாக, 'மெக்டபுள்' வாங்கி, கெட்சப்பும் கடுகு சாஸும் வேண்டாம், லெட்டூஸும் பிக் மேக் சாஸும் சேருங்கள் என்றால் பிக் மேக்கின் ருசிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பெரும்பாலான மெக்டானல்ட்ஸ் கிளைகளில் தொடுதிரை வைத்திருக்கிறார்கள். பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. எதை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று எல்லாம் கண்முன் தெரியும்.

மெக்டானல்ட்ஸில் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஃப்ரைஸைப் பற்றி. அமெரிக்காவில் அந்த ஃப்ரைஸ் சைவம் இல்லை. 1990இல் மாட்டுக் கொழுப்பை விட்டுவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியதாகக் கடை அறிவித்தபோது, ஏராளமான இந்தியக் குடும்பங்கள் இனிச் சைவம் என்று நம்பி வாங்கின. ஆனால் சுவைக்காகச் சேர்க்கும் மாட்டிறைச்சிச் சாரம் தொடர்ந்து இருந்தது. இந்துக்கள் உட்பட சைவ உணவுக்காரர்கள் 2001இல் சியாட்டிலில் வழக்குத் தொடுத்தார்கள். 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து அமைப்புகளுக்கும் சைவ உணவு அமைப்புகளுக்கும் பிறருக்கும் சேர்த்து 1 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. இன்றும் அமெரிக்க ஃப்ரைஸின் பொருட்பட்டியலில் 'நேச்சுரல் பீஃப் ஃப்ளேவர்' இருக்கிறது. எண்ணெய் என்ன என்று மட்டும் கேட்டால் போதாது. பொருட்பட்டியலையே படிக்க வேண்டும் என்பதை அந்த வழக்குத் தொடுத்தவர்கள் நமக்கெல்லாம் சேர்த்துப் பெற்றுத்தந்தார்கள். நான் அவர்களுக்கு நன்றியுள்ளவள்.

பர்கர் கிங்கில் 2019 முதல் 'இம்பாசிபிள் வாப்பர்' கிடைக்கிறது, தாவரப் புரதத்தில் செய்த பேட்டி. சும்மா கேட்டால் மாட்டிறைச்சி வேகும் அதே தீக்கம்பியில் வாட்டித் தருவார்கள். "நாட் ஆன் தி ப்ராய்லர், ப்ளீஸ்" என்று சொன்னால் தனியாகச் சூடாக்கித் தருவார்கள். "நோ மேயோ" என்றால் முட்டையும் போய்விடும். புகை வாசனை குறையும், அதற்காகக் கூடுதல் வெங்காயமும் வெள்ளரியும் கேட்டுக்கொள்ளுங்கள், அது இலவசம்.

ஃபைவ் கைஸில் சேர்ப்புகளுக்குப் பணமே கிடையாது. வதக்கிய காளான், குடைமிளகாய், ஹலபேனோ (ஒரு வகைப் பச்சை மிளகாய்) என்று எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம். அங்கே 'ஹாம்பர்கர்' என்றால் இரண்டு இறைச்சி. ஒன்று போதும் என்றால் 'லிட்டில்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரியாமல் வாங்குபவர்களால் பாதிகூடச் சாப்பிட முடிவதில்லை. காய்கறி சாண்ட்விச்சும் கிரில்ட் சீஸும் பலகையிலேயே உண்டு. நிலக்கடலை எண்ணெயில் பொரிக்கிறார்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை அங்கே கூட்டிப் போக வேண்டாம்.

ஷேக் ஷாக்கில் 'ஷ்ரூம் பர்கர்': பெரிய காளானுக்குள் சீஸை வைத்துப் பொரித்தது. முதல் கடியில் சூடான சீஸ் வழியும், வாய் சுட்டுவிடும், நிதானமாகச் சாப்பிடுங்கள்.

பர்கர் இல்லை என்றாலும் மெக்சிகோ பாணி உணவு விற்கும் டாக்கோ பெல்லைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் நம் சைவக்காரர்களுக்கு அதுதான் மிக வசதியான கடை. அமெரிக்கச் சைவ உணவுச் சங்கத்தின் சான்று பெற்ற பண்டங்கள் அங்கே உண்டு. எந்தப் பண்டத்தை எடுத்தாலும் "சப் பீன்ஸ் ஃபார் பீஃப்" என்ற ஒரே வரி போதும், இறைச்சி போய்ப் பயறு வந்துவிடும். க்ரஞ்ச்ராப்பை (மெல்லிய ரொட்டியில் உள்ளடக்கத்தை வைத்து மடித்துச் சுட்டது) அப்படி வாங்கிப் பாருங்கள், ஹலபேனோவையும் சேர்க்கச் சொல்லுங்கள். பால் பொருள் வேண்டாதவர்கள் 'ஃப்ரெஸ்கோ ஸ்டைல்' என்றால் சீஸையும் க்ரீமையும் எடுத்துவிட்டுத் தக்காளி போடுவார்கள்.

உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில்

பயணம் போகிறவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. ஊருக்கு ஊர் பர்கர் பாணி மாறும். ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் மெல்லிய வெங்காயச் சீவலை இறைச்சியோடு சேர்த்துக் கல்லில் அழுத்தி வேகவைக்கிறார்கள். பணக் கஷ்ட காலத்தில் இறைச்சியை நீட்டிக்கத் தொடங்கிய வழக்கம் அது. மின்னியாபொலிஸில் சீஸை இறைச்சிக்கு உள்ளேயே வைத்து மூடுகிறார்கள். நியூ மெக்சிகோவில் வாட்டிய பச்சை மிளகாய் சேர்க்கிறார்கள், நம் நாக்குக்கு அதுதான் மிக நெருக்கம். இவற்றை அந்தந்த ஊரில் அந்தந்தக் கடையில்தான் சாப்பிட வேண்டும். தொடர்கடையில் போய் இப்படிச் செய்து தாருங்கள் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

இத்தகைய கடைகளில் இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். அரைத்த மாட்டிறைச்சி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் யோசிக்காமல் 'வெல் டன்' என்றே சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு

ரசீதைப் பாருங்கள். நீங்கள் சொன்ன ஒவ்வொரு மாற்றமும் பர்கருக்குக் கீழே தனி வரியாக அச்சாகியிருக்க வேண்டும். பணம் கொடுக்கும்போதே பார்த்தால் திருத்துவது எளிது. சைவமும் அசைவமும் கலந்த ஆர்டர் என்றால் "செபரேட் பேக் ஃபார் தி கிரில்ட் சீஸ், ப்ளீஸ்" என்று கேளுங்கள். காகிதத்தில் சுற்றிய பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் சைவப் பொட்டலத்தைத் திறந்து பன்னைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். தவறாக இருந்தால் ரசீதோடு உள்ளே போய், "ஐ ஆர்டர்ட் கிரில்ட் சீஸ், திஸ் ஹாஸ் மீட்" என்று மெதுவாகச் சொன்னால் போதும். கோபப்பட வேண்டியதில்லை, வேறு செய்து தருவார்கள். இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு அதே பன்னைத் திருப்பித் தருவதாகத் தெரிந்தால், "எ நியூ ஒன், ப்ளீஸ், ஷீ இஸ் வெஜிடேரியன்" என்று சொல்லுங்கள். காரணத்தை விளக்க வேண்டிய இடம் இதுதான். உள்ளே போனது போனதாக, பிள்ளைகளுக்குக் காகிதத் தொப்பியும் ஸ்டிக்கரும் கேட்டு வாங்கி வாருங்கள், அதற்குக் காசு கிடையாது.